மாப்பிள்ளை அழைப்புக் காரும் நான் மாட்டிய டர்போவும்

தம்பிக்கு, அப்பா எழுதுவது. நலம் விசாரிக்கும் வரிகளையெல்லாம் உன் அம்மா தனித்தாளில் எழுதி இதே உறைக்குள் வைத்திருக்கிறாள். அதை முதலில் படி. படித்துவிட்டுச் சாப்பிடு. சாப்பிட்ட பிறகு இதை எடு. நான் எழுதப்போவது வெறும் வயிற்றில் படிக்கிற விஷயம் இல்லை. நாலைந்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஸ்பானர் பிடித்த கைக்குப் பேனா கனக்கிறது என்று உன் அம்மாவிடம் சாக்குச் சொன்னேன். பேனா ஒன்றும் கனக்கவில்லை. வெட்கம்தான் கனக்கிறது.

நாகமலை புதுக்கோட்டைப் பெண் வீட்டில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று போன கடிதத்தில் உனக்கு எழுதியிருந்தேன். தரகர் வந்து சொன்னது அதுதான். ஆனால் பொருத்தம் பார்த்து, நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து பெண்ணையும் பார்த்து, அவர்களே தட்டு மாற்ற நாள் கேட்ட பிறகு ஒரு ஜாதகம் எப்படிக் கெட்டுப்போகும்? எனக்கு அப்போதே உறுத்தியது. நீ அம்மாவுக்கு எழுதிய பதிலில், "பரவாயில்லம்மா, விடு" என்று மட்டும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை உன் அம்மா அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பப் படித்தாள். உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அப்புறம்தான் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விஷயம் வெளியே வந்தது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. பெண்ணின் அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் வந்து, அந்த டீக்கடையில் உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப்காரர் மகன் எப்படி என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். குடி கிடையாது, சூது கிடையாது, தங்கமான பையன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே, "ஆனா கொஞ்சம் துடுக்குங்க. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைய வச்சுக்கிட்டே காரைக் கொளுத்தப் பாத்தான்" என்று அந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டார். அடுத்தவர் உயிரோடு விளையாடுகிற பையனுக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று அந்த மனிதர் பயந்து எழுந்து போய்விட்டார். இதை என்னிடம் சொன்னவரும் அதே கடைக்காரர்தான். "என்னண்ணே, நீங்க சொன்ன கதையத்தான் சொன்னேன்" என்றார். உண்மைதான். நான் சொன்ன கதைதான் அது.

அன்று நடந்தது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை நான் அதை என் கையால் எழுதியாக வேண்டும். இத்தனை வருடமாக என் வாயிலிருந்து வேறொன்றுதான் வந்திருக்கிறது.

ஜவுளிக்கடை லெட்சுமணனை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து பேசுவார். அவருடைய பழைய அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். டீசல் போட்டதிலிருந்து வண்டிக்குச் சீக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. சேலைக்கட்டை ஏற்றினால் ஒரு சிறு மேட்டிலும் முக்கியது. "என்னய்யா, மாட்டுவண்டி ஒதுங்கச் சொல்லுது" என்று அவர் என்னைக் கேலி செய்வார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தச் சமயத்தில்தான் மேலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் ஓய்ந்துபோன ஜெனரேட்டர் இன்ஜின் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதில் டர்போ இருந்தது. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். கூடுதல் காற்று போனால் கூடுதல் டீசல் எரியும். கூடுதல் பலம் வரும். மதுரையில் அதுவரை எந்த அம்பாசடரிலும் யாரும் அதை மாட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். அந்த வெட்கமெல்லாம் சேர்ந்து இப்போது வருகிறது.

நீ அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். லீவில் வந்தவன் என்னோடு முழுநேரமும் நின்றாய். அந்த நாட்கள் உண்மையில் நன்றாக இருந்தன, அதை மறைக்க மாட்டேன். லாரியில் கழித்துப்போட்ட பிளேட்டை வெட்டி, டிராக்டர் புகைக்குழாயை வளைத்து வெல்டு வைத்து டர்போவை இன்ஜினோடு பொருத்தினோம். தண்டுக்கு ஆயில் போக ஒரு செம்புக்குழாய். அந்த ஆயில் திரும்ப இன்ஜினுக்குள் இறங்க ஒரு ரப்பர் ஹோஸ். பானெட்டுக்குள் இடம் போதவில்லை என்று டர்போவை நான் தாழ வைத்தேன். அதனால் அந்த ஹோஸ் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. ஏர் பில்டருக்கும் இடமில்லை. காற்று இழுக்கும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலையைக் கட்டி விட்டேன். நீ ஹோஸைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாய். "அப்பா, இந்த ஆயிலைத் தள்ளிவிட ஆள் கெடையாது. தானா எறங்கணும். ஹோஸ் இப்பிடிப் படுத்துக் கெடந்தா டர்போவுலயே தேங்கி, ஆயில அடைச்சு நிறுத்துற சீலைத் தாண்டிக் காத்துக்குழாய்க்குள்ள வந்துரும்" என்றாய். டர்போவைத் தூக்கி வைக்கலாம், வேண்டுமானால் நானே கழற்றி மாற்றுகிறேன் என்றும் சொன்னாய். பழைய சீல், அதை நம்ப வேண்டாம் என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் எல்லோர் முன்னாலும், நாலு புத்தகம் படித்துவிட்டு அப்பனுக்கு வகுப்பு எடுக்க வந்துவிட்டான் என்றேன். ஹோஸ் பக்கம் கை வைக்கக் கூடாது என்று கண்டித்தும் சொன்னேன். நீ கை வைக்கவில்லை. அதை இங்கே அழுத்தமாக எழுதுகிறேன். நீ கை வைக்கவே இல்லை.

மேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி பறந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த பஸ்ஸை நான் பின்பார்வைக் கண்ணாடியில் தேட வேண்டியிருந்தது. லெட்சுமணன் பக்கத்து சீட்டில் குழந்தை மாதிரி கைதட்டினார். அன்றே முடிவு செய்துவிட்டார், மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான், ஓட்டுவது நான்தான் என்று. நானும் ஒத்துக்கொண்டேன். நான் செய்த மடத்தனம் இதுதான். டர்போ வைத்த வண்டியை வேகமாக ஓட்டிப் பார்த்தேனே தவிர, மெதுவாக ஓட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும்? நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முக்கிலும் நின்று வாசிப்பார். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள். நடக்கிற பெண்களுக்குப் பின்னால் கார் ஊர்ந்து ஊர்ந்து வர வேண்டும். இன்ஜின் மட்டும் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். டர்போவில் காற்று அழுத்தம் இல்லாமல் வெறுமனே ஓடும்போதுதான் ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். நீ சொன்னபடியே அது சொட்டுச் சொட்டாகக் காற்றுக்குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. நானோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன், எனக்கே கல்யாணம் என்பது போல.

நீ காருக்குப் பக்கத்தில் நடந்து வந்தாய். பின்சீட்டில் மாப்பிள்ளை, அவர் மடியில் தோழனாக உட்கார வைத்த சின்னப்பையன். மண்டபம் தெரிந்தது. இன்னும் வெயில் இறங்கவில்லை. நாதஸ்வரம் கொஞ்சம் ஓய்ந்தது. இவ்வளவு கூட்டத்துக்கு வண்டியின் பலத்தைக் காட்டாமல் விடுவதா என்று எனக்குத் தோன்றியது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். நான்தான் மிதித்தேன். குழாயில் தேங்கிக் கிடந்த ஆயில் மொத்தமும் இன்ஜினுக்குள் போனது. காலை எடுத்த பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. டீசலை நிறுத்தும் குமிழை இழுத்தேன், நிற்கவில்லை. எப்படி நிற்கும், அது டீசலில் ஓடவில்லையே, தன் ஆயிலைத் தானே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளையும் நீலமுமாகப் புகை தெருவை மூடிவிட்டது. இன்ஜின் அலறுகிற அலறலில் எந்த நிமிடமும் வெடித்துச் சிதறும் என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். எனக்குத் தெரிந்ததால் நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். மாப்பிள்ளையை இறக்கவில்லை. அந்தச் சின்னப்பையனை இறக்கவில்லை. உன்னைக் கூப்பிடக்கூட இல்லை. எதிரே இருந்த காபி கிளப்பின் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். பதறிப்போய் இறங்கினேன், உதவிக்கு ஆள் கூப்பிடப் போனேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது உண்டு. இல்லை தம்பி. உயிருக்குப் பயந்து ஓடினேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து உன்னைப் பார்த்தேன். பின்கதவைத் திறந்து பையனை ஒரு கையில் தூக்கி, மாப்பிள்ளையை மறு கையால் இழுத்து வெளியே விட்டாய். கூட்டத்தைப் பின்னால் போகச் சொல்லிக் கத்தினாய். பெண்கள் தங்கள் பாஷையில் அலறினார்கள். சீர்த்தட்டு ஏந்தி நின்ற ஒரு அம்மாளிடமிருந்து பித்தளைத் தாம்பாளத்தைப் பிடுங்கிப் பழத்தையெல்லாம் ரோட்டில் கொட்டினாய். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பானெட்டைத் தூக்கி, அந்தப் புகைக்குள் குனிந்து, காற்று இழுக்கும் குழாயின் வாயில் தாம்பாளத்தை வைத்து உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாய். காற்று இல்லாவிட்டால் எதுவும் எரியாது. இன்ஜின் திணறிக் குலுங்கி நின்றது. உன் வலது முழங்கை புகைக்குழாயில் பட்டிருந்தது. இன்ஜின் நிற்கிற வரைக்கும் நீ கையை எடுக்கவில்லை.

லெட்சுமணன் ஓடி வந்தார். நானும் அப்போதுதான் வந்தது போலத் தூணிலிருந்து வந்தேன். "என்னய்யா ஆச்சு, யாரு என்ன பண்ணுனது" என்று கேட்டார். கூட்டம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. இவ்வளவு பேர் முன்னால் என் ஒர்க்‌ஷாப்பின் பெயர் போய்விட்டால் அப்புறம் யார் வண்டி விடுவார்கள் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. நான் சொன்னேன்: "பையன் எனக்குத் தெரியாம ஆயில் ஹோஸக் கழட்டி மாத்தி விட்டுருக்கான்ணே. படிச்ச திமிரு." நீ எதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சினாயோ, அதையே எடுத்து உன் தலையில் போட்டேன். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை நாள் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. நீ ஆச்சரியமாகப் பார்த்தாய். பிறகு தாம்பாளத்தை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தனியாகப் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தாய். லெட்சுமணன் பெரிய மனது செய்து, சின்னப்பிள்ளை செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று என்னை மண்டபத்துக்குள் அழைத்துப் போனார். அன்று நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் கேட்டு வாங்கினேன். இதை எழுத முடியாமல்தான் தம்பி அத்தனை தாளையும் கிழித்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. டீக்கடையில் யாராவது கேட்டால், மாப்பிள்ளையையே ராக்கெட்டில் ஏற்றப் பார்த்தான் என் பிள்ளை என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கண், காது, மூக்கு சேரும். நீ படிப்பு முடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு வராமல் கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்குப் போனபோது, பையனுக்குக் கையில் கிரீஸ் படப் பிடிக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னேன். என்னோடு ஒரே கூரையில் நிற்கப் பிடிக்காமல் போனாய் என்பது எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. உன் அம்மாவிடம்கூட. அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று நான் பாராட்டியதில்லை. எனக்கு வசதி என்று எடுத்துக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே முறத்தைத் தள்ளி வைத்தாள். "இம்புட்டு வருசமா எம்பிள்ளையத்தான நான் வைஞ்சுக்கிட்டு இருந்தேன். கைக்கு மருந்து போடையில கூட வைஞ்சேனே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். மறுநாள் நான் நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். நான் காபியைத் தொடாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். மிதித்தது நான், ஓடியது நான், பொய் சொன்னது நான், நின்றது என் மகன் என்று சொன்னேன். அவர் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, நானும் பிள்ளை பெற்றவன்தான் என்று ஆரம்பித்தார். "எம்பொண்ணு கல்யாணம் நிக்கிதுன்னா நானும் இப்பிடித்தாங்க வந்து, பழிய எம்மேல போட்டுக்கிட்டு நிப்பேன். தப்பா நெனைக்காதீங்க. தம்பி வந்து அவர் வாயால சொல்லட்டும்" என்றார். நான் எழுந்தபோது கதவோரம் நின்ற அந்தப் பெண், "அவங்க கையில தழும்பு இருந்துச்சு. அன்னைக்கு ஆனதா?" என்று கேட்டது. ஆமாம்மா என்றேன். பெண் பார்க்கப் போன அன்று நீ காபி டம்ளர் வாங்கும்போது பார்த்திருக்கிறது.

சரி, பொய் எங்கே வளர்ந்ததோ அங்கேயே போய் வெட்டுவோம் என்று ஆரப்பாளையத்தில் இறங்கி நேரே டீக்கடைக்குப் போனேன். நம் தெருக்காரர்கள் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். கடைக்காரர் டவராவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களாய்யா, புள்ளை கல்யாணத்துக்காக அப்பன் தன் மானத்தையே விக்கிறாரு. எந்த அப்பன் செய்வான்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இன்னொருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் எவ்வளவு சொன்னாலும் அவர்களுக்கு அது ஏறவில்லை. சொல்லச் சொல்ல என் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எவ்வளவு உண்மை என்று அன்றுதான் தெரிந்தது. என் பொய்யை ஒரே நொடியில் நம்பியவர்கள் என் உண்மையை நம்பவில்லை. உன்னிடமிருந்து எடுத்தது போதாதென்று இப்போது நல்ல அப்பன் என்ற பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

ஆகையால் இனி இதைச் சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாயில்லை. நான் கேட்பது வேறு. நீ வரும்போது என்ன செய்வாய் என்பதும் எனக்குத் தெரியும். அவர் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, பழைய கதை எதற்கு என்று மழுப்புவாய். அப்பாவைச் சபையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைப்பாய். அன்று தெருவில் அதைத்தான் செய்தாய். அதனால் கெட்டது நீ மட்டும் இல்லை, நானும்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இல்லப்பா நீங்கதான் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். இதையும் உன் மேல் குற்றமாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அப்பன் சொல்ல வேறு புத்திமதி என்னிடம் இல்லை. பொண்டாட்டியிடம் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல். அவள் தப்பு செய்தால் தப்பு என்று சொல், உன் தப்பையும் அவள் சொல்லக் கேள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை பஸ்ஸில் ஏறி வந்துவிடு. அம்மா வருவாள், நானும் வருவேன். அவர் கேட்கும்போது, எங்கப்பா பயந்து ஓடிவிட்டார், பிறகு என் மேல் பொய் சொன்னார் என்று அப்படியே சொல். எனக்காக ஒரு வார்த்தையும் குறைக்காதே. நான் உனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், ஆமாம் என்று தலையாட்ட. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காதே, உனக்குச் சொல்ல வராது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் முகத்தை நேரே பார்க்க இன்னும் துணியாத,
அப்பா